எழுபதைத் தாண்டியவருக்கு மருந்துச் சீட்டு எழுதும் முறை

"ரெண்டு நாளா தலை சுத்துது டாக்டர்" என்று ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தால், கை தானாகத் தலைச்சுற்றல் மாத்திரையை எழுதப் போகும். அங்கே கையை நிறுத்துங்கள். எழுபது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைச்சுற்றல், கால் வீக்கம், மறதி, கை நடுக்கம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கீழே விழுதல் ஆகிய எதுவும் அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையால் வந்திருக்கலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இவர் சாப்பிடுவதில் எது இதைச் செய்கிறது என்பதுதான். புது மருந்தைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.

ஊரில் கிளினிக் வைத்து நடத்தும் இளம் குடும்ப மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறோம். பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போகிறவர்களும் படிக்கலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

பையைக் கொட்டிப் பாருங்கள்

பழைய சீட்டை வைத்துக்கொண்டு மட்டும் முதியவருக்கு மருந்து எழுத முடியாது. சீட்டில் இருப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. வீட்டில் உள்ள மாத்திரை, டானிக், கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிக் கேளுங்கள்: "இது எதுக்குப் போடுறீங்கம்மா? எத்தனை வேளை? நேத்துப் போட்டீங்களா?"

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். ரத்த அழுத்தம் 170 என்று காட்டுகிறது, நீங்கள் இரண்டாவது மாத்திரையைச் சேர்க்கிறீர்கள். உண்மையில் அவர் முதல் மாத்திரையையே வாரத்தில் இரண்டு நாள்தான் போட்டிருப்பார். பிறகு வெளியூரிலிருந்து மகள் வந்து, டப்பாவில் பிரித்து வைத்து, இரண்டையும் தினமும் தவறாமல் கொடுக்கிறாள். நான்காம் நாள் பாட்டி குளியலறையில் மயங்கி விழுகிறார். கொடுத்தவள் மேல் தவறே இல்லை. சாப்பிடாத மருந்து வேலை செய்யவில்லை என்று நாம் முடிவு கட்டியதுதான் தவறு.

பையில் அடிக்கடி அகப்படுவது, ஒரே மருந்து இரண்டு பெயரில். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு, நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அதுதான் துணை. அதே ஆள் தனியார் மருத்துவரிடமும் போனால், திட்டத்தில் வந்த மெட்ஃபார்மினும், கிளிமெபிரைடுடன் மெட்ஃபார்மின் சேர்ந்த கூட்டு மாத்திரையும் சேர்ந்து உள்ளே போகும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினிலும் இதேதான்: தனியாக ஒன்று, டெல்மிசார்டனோடு சேர்ந்து இன்னொன்று. நிறமும் வடிவமும் வேறாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை நீங்களே படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தால் பெயரும் காலாவதித் தேதியும் மறுபாதியில் போயிருக்கும். நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தெரியாவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கி வையுங்கள்.

கண் சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு கண்ணீர்ப்பாதை வழியாக ரத்தத்துக்குப் போய் நாடித்துடிப்பைக் குறைக்கும், இளைப்பை வரவழைக்கும். ஏற்கெனவே நாடியைக் குறைக்கும் அடினோலாலோ மெட்டோபுரோலாலோ சாப்பிடுகிறவருக்கு நாடி 48-இல் நிற்பதற்குக் காரணம் அந்தச் சின்னக் குப்பியாக இருக்கலாம்.

பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடியோ மாத்திரையோ பையில் இருந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். முகம் உப்பியிருக்கும், தோல் மெலிந்து நீலத்தழும்புகள் தெரியும், சர்க்கரை காரணமின்றி ஏறியிருக்கும். கோபத்தில் அதைக் குப்பையில் போடச் சொல்லிவிடாதீர்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் சாப்பிட்டிருந்தால் உடலின் சொந்தச் சுரப்பு அடங்கியிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அளவு தெரிந்த பிரட்னிசலோனுக்கு மாற்றி, படிப்படியாக இறக்க வேண்டும்.

'கிரியேட்டினின் நார்மல்' என்ற நம்பிக்கை

கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. வயதானால் தசை வற்றும். ஆகவே சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் எண் சாதாரணமாகவே தெரியும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

78 வயது, 45 கிலோ எடை, கிரியேட்டினின் 1.2 உள்ள ஓர் அம்மா. 62 × 45 = 2790. அதை 86.4-ஆல் வகுத்தால் 32. பெண் என்பதால் 27. நிமிடத்துக்கு 27 மி.லி. மட்டுமே வடிகட்டும் சிறுநீரகம் அது. இதே அம்மாவுக்கு ஆய்வகத் தாளில் அச்சாகும் இ.ஜி.எஃப்.ஆர் (வடிகட்டலின் மதிப்பீடு), 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, 46 என்று வரும். அந்த எண் 1.73 சதுர மீட்டர் உடல்பரப்புக்குக் கணக்கிட்டது. 45 கிலோ உடம்புக்கு அவ்வளவு பரப்பு கிடையாது. நம் ஊர் மெலிந்த பாட்டிகளுக்கு அச்சு எண்ணை மட்டும் நம்பினால் மருந்து தேங்கும்.

இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்றால் நரம்பு வலிக்கான ப்ரீகாபலின், காபாபென்டின், இதயத்துக்கான டிஜாக்ஸின், ரத்தம் உறையாமைக்கான டாபிகட்ரான் போன்றவற்றில். கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின் 75 மி.கி. இரண்டு வேளை என்று பழக்கத்தில் எழுதுவோம். 27 என்ற வடிகட்டலுக்கு நாளொன்றுக்கு 150 மி.கி. என்பதே உச்சவரம்பு, முதல் நாளே அங்கே போய் நின்றால் தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் வரும். இரவில் 25 மி.கி. என்று தொடங்குங்கள். டாபிகட்ரானை 30-க்குக் கீழ் தவிர்த்துவிடுங்கள். மெட்ஃபார்மினுக்கு இ.ஜி.எஃப்.ஆர்தான் அளவுகோல்: 45-க்குக் கீழ் போனால் நாளொன்றுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம், 30-க்குக் கீழ் நிறுத்திவிட வேண்டும். மெலிந்த உடம்பானால் அந்த எல்லைக்குச் சற்று முன்பாகவே குறைத்துக்கொள்வது நல்லது.

எடை தெரியாமல் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. எடை பார்க்கும் கருவி உங்கள் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

மாத்திரை பெற்ற மாத்திரை

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து கொடுப்பது, அதன் விளைவுக்கு மூன்றாவது கொடுப்பது: இந்தச் சங்கிலியை மருத்துவ ஆய்வாளர்கள் ரோஷானும் குர்விட்சும் 1990-களிலேயே விளக்கி எச்சரித்தார்கள். இன்றும் தினசரி சீட்டுகளில் அது இருக்கிறது.

அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறவருக்குக் கணுக்காலில் வீக்கம் வருகிறது. ரத்தக்குழாய் விரிந்து நீர் கசிவதால் வரும் வீக்கம் அது. உடம்பில் நீர் கூடியதால் வந்ததல்ல. ஆகவே நீர் மாத்திரையான ஃபுரோசெமைடு அதைச் சரியாகக் குறைக்காது. மாறாக, பொட்டாசியம் இறங்கும், அவர் இரவில் மூன்று முறை எழுந்து கழிப்பறைக்கு ஓடுவார், அவசரத்தில் நனைத்துக்கொள்வார். அதற்கு ஆக்சிபியூட்டினின் எழுதப்படும். அது மூளையைக் கலக்கி மறதியைத் தரும். மறதிக்கு டோனெபெசில் வரும். நான்கு மாத்திரை, தேவை ஒன்று. சரியான வழி, அம்லோடிபினை 5 அல்லது 2.5-க்கு இறக்கி, தேவையானால் டெல்மிசார்டனைச் சேர்ப்பது. அந்தச் சேர்க்கை வீக்கத்தையும் தணிக்கும். மூச்சிரைப்பு, கழுத்து நரம்புப் புடைப்பு, எடை ஏற்றம் இருந்தால் மட்டும் இதயத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு சங்கிலி நம் ஊருக்கே உரியது. தலைச்சுற்றலுக்கு சின்னரிசின், ஃப்ளூனரிசின் அல்லது புரோகுளோர்பெரசின் எழுதி மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் பல 'காஸ் கேப்ஸ்யூல்'களில் ராபெப்ரசோலோடு லெவோசல்பிரைடு ஒளிந்திருக்கிறது. இவை எல்லாமே மூளையில் டோபமின் வேலையைத் தடுப்பவை. சில மாதங்களில் நடை சுருங்கும், முகம் இறுகும், இரண்டு கையும் நடுங்கும். பார்க்கின்சன் என்று முடிவு கட்டி லெவோடோபா தொடங்கிவிடுவார்கள். நடுக்கம் இரு பக்கமும் சமமாகத் தொடங்கியிருந்தால், முந்தைய ஓராண்டின் சீட்டுகளைத் தேடி எடுத்துப் பாருங்கள். காரண மருந்தை நிறுத்தினாலும் உடனே சரியாகாது. வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் ஆகும். இதைக் குடும்பத்தினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நாளே வேறு மருத்துவரிடம் போய்விடுவார்கள்.

முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளுக்கு நல்ல பட்டியல்கள் உண்டு. 1991-இல் மார்க் பீர்ஸ் தொடங்கியதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது; 2023 பதிப்பும் வந்துவிட்டது. அயர்லாந்தில் 2008-இல் உருவான ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியலும் பயனுள்ளது. இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். ஆனால் அமெரிக்காவில் விற்பனையில் இல்லாத சின்னரிசினையும் லெவோசல்பிரைடையும் அமெரிக்கப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. பட்டியலில் இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் தலைச்சுற்றலுக்கு என்னதான் செய்வது? ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது: பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின், மனச்சோர்வு மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் மட்டும் உலகம் சுழல்கிறது என்றால் அது உள்காதில் துகள் இடம் மாறியது. எப்ளி முறையில் தலையைத் திருப்பிப் படுக்க வைத்தால் மாத்திரை இல்லாமலே சரியாகும்.

சளி மாத்திரைக்கும் ஒரு வரி. குளோர்பெனிரமின் சேர்ந்த கூட்டு மாத்திரை, புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு ஒரே இரவில் சிறுநீரை அடைத்துவிடும்.

எவ்வளவில் தொடங்குவது

பொதுவாகப் பாதி அளவு. அம்லோடிபின் 2.5 மி.கி., டெல்மிசார்டன் 20, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5, செர்ட்ராலின் 25, எஸ்சிட்டலோபிராம் 5 (உச்சம் 10), லெவோதைராக்ஸின் 12.5 முதல் 25 மைக்ரோகிராம். ஒரே வருகையில் ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால், நன்மையோ தீமையோ, எது செய்தது என்று சொல்லவே முடியாது.

தொடங்கிய அளவிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதும் தவறுதான். 2.5 போதவில்லை என்றால் நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் இந்த விதிக்கு வெளியே: முதல் வேளை முழு அளவு கொடுங்கள், சிறுநீரகத்துக்கு ஏற்பச் சரிசெய்வது அடுத்த வேளையிலிருந்து.

கூட்டு மாத்திரைகளை அளவு நிலைப்பட்ட பிறகு எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம். மூன்று மருந்து ஒன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரைகளை உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும். "உடைக்கக் கூடாது" என்று சீட்டிலேயே எழுதுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கான நாளையும் மருந்தோடு சேர்த்து எழுத வேண்டும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பதறி நிறுத்த வேண்டாம். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் அளவைக் குறைத்து, இளநீரும் 'குறைந்த சோடியம்' உப்பும் சேர்கிறதா என்று விசாரியுங்கள். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம்தான். தையசைடு வகை நீர் மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ தொடங்கினால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் சோடியம் பாருங்கள். மெலிந்த பாட்டி திடீரெனக் குழறிப் பேசினால் அன்றே பார்த்துவிட வேண்டும்.

சர்க்கரையில் எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது

நடமாட்டமும் நினைவும் நன்றாக உள்ள எழுபது வயதுக்காரருக்கு மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ1சி) 7 முதல் 7.5 சதவீதம் வரை நோக்கமாக இருக்கலாம். பல நோய்களோடு, பிறர் உதவியில் இருப்பவருக்கு 8 போதும். அதற்கும் தளர்ந்தவருக்கு எண்ணைத் துரத்தாமல், தாழ்சர்க்கரை வராமலும் அளவுக்கு மீறிய சிறுநீர், தாகம் இல்லாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

கிளிபென்கிளமைடை முதியவருக்கு எழுதவே வேண்டாம். அதன் வேலை நீண்டது, சிறுநீரகம் தளர்ந்தால் இன்னும் நீளும். இரவு முழுக்கச் சர்க்கரை இறங்கிக் கிடக்கும். கிளிமெபிரைடு எழுதினால், "அமாவாசை, வெள்ளிக்கிழமை விரதம் இருப்பீங்களா?" என்று கேட்டு, சாப்பிடாத வேளைக்கு அந்த மாத்திரை இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். வயதானவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வியர்வையும் படபடப்பும் தெரியாமலே போகலாம், அதுவும் அடினோலால் சாப்பிடுகிறவருக்குப் படபடப்பு இன்னும் மறையும். முன்பின் தொடர்பின்றிப் பேசுவது, காரணமில்லாத எரிச்சல், எழுப்பினால் எழாமல் கிடப்பது இவைதான் அடையாளம். மாற்றாக லினாக்ளிப்டின் போன்றவை தாழ்சர்க்கரையை அரிதாகவே தரும். லினாக்ளிப்டினுக்குச் சிறுநீரகத்துக்காக அளவு மாற்றவும் தேவையில்லை.

வலி மாத்திரை

டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடும் ஒருவருக்கு அசெக்ளோஃபெனாக் சேர்ந்தால், சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் வழி ஒரு பக்கம் சுருங்கும், அழுத்தத்தைக் காக்கும் வழி மறுபக்கம் தளரும், உடம்பில் நீரும் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு போதும், சிறுநீரகம் படுத்துவிடும். மூட்டுவலிக்கு முதலில் பாரசிட்டமால் 500 மி.கி. மூன்று வேளை, 50 கிலோவுக்குக் கீழ் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நன்றாகவே வேலை செய்யும், ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். தசை தளர்த்தும் மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் முதியவரைக் கீழே தள்ளுவதில்தான் திறமைசாலிகள்.

நிறுத்துவது

மாரடைப்போ பக்கவாதமோ வராதவருக்கு, வரும்முன் காக்க என்று கொடுத்த ஆஸ்பிரின் முதலில் பேச வேண்டியது. எழுபதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில் அது பலன் தரவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. ஸ்டென்ட் வைத்தவருக்கோ ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கோ இது பொருந்தாது. அவர்களுக்கு நிறுத்தக் கூடாது.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்ப்ரசோலம், குளோனசெபம் ஆண்டுக்கணக்கில் போடுகிறவருக்கு ஒரேநாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறையுங்கள், கடைசிப் பகுதியில் இன்னும் மெதுவாக. சில இரவுகள் தூக்கம் கெடும் என்று முன்பே சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை நிறுத்தும்போது ஓரிரு வாரம் நெஞ்செரிச்சல் திரும்பும். அது நோய் திரும்பியதல்ல, அமிலம் தற்காலிகமாகப் பொங்குவது. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமைக்கான மருந்தோ தொடர்ந்து சாப்பிடும் முதியவருக்கு மட்டும் பான்டோபிரசோல் இருக்கட்டும்.

அடினோலால் போன்றவை, குளோனிடின், லெவோடோபா, வலிப்பு மாத்திரை எதையும் சட்டென நிறுத்தாதீர்கள். நிறுத்துவதில் காட்டும் ஆர்வத்தில், கொடுக்க வேண்டியதை விட்டுவிடவும் கூடாது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சீரற்ற இதயத்துடிப்பு) உள்ளவருக்கு ரத்தம் உறையாமைக்கான மருந்து, இடுப்பெலும்பு முறிந்தவருக்கு எலும்பு வலு மருந்து, நிமோனியா தடுப்பூசி.

சீட்டை எழுதும் விதம்

மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சில் 2016-இல் கொண்டுவந்த விதி. அதற்குப் பக்கத்தில் தமிழில் காரணம் எழுதுங்கள்: "பிரஷருக்கு", "தைராய்டுக்கு". காரணம் எழுத வராத மருந்து சீட்டில் இருக்கத் தேவையில்லாத மருந்தாக இருக்கும். 1-0-1 என்பது நமக்குப் புரியும், பாட்டிக்குப் புரியாது. "காலை 1, இரவு 1" என்று எழுதுங்கள். எத்தனை நாள் என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நாள் மாத்திரை ஐந்து வருடம் ஓடும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை அழிந்து உயிர் போகும். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைக் குறிப்பிட்டு, நான்கு வாரத்துக்கு மேல் மாத்திரை எழுதாமல், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி முன்பாவது; கால்சியமும் இரும்புச்சத்தும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி.

நிறுத்திய மருந்துகளைச் சீட்டின் கீழே "இனி வேண்டாம்" என்ற தலைப்பில் தனியாக எழுதுங்கள், வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டைகளை அடுத்த முறை எடுத்துவரச் சொல்லுங்கள். எழுதியதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். "சரி டாக்டர்" என்று தலையாட்டினால் புரிந்தது என்று பொருளல்ல.

சீட்டின் அடியில் கடைசியாக ஒரு வரி: வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் வகை, டெல்மிசார்டன் வகை, நீர் மாத்திரை ஆகியவற்றில் அவர் சாப்பிடுபவற்றைப் பெயர் சொல்லி எழுதி, "இவற்றை நிறுத்தி வைத்து உடனே கூப்பிடவும், வழக்கம்போல் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி தொடங்கவும், இன்சுலினைத் தாமாக நிறுத்த வேண்டாம்" என்று குறியுங்கள். இதய பலவீனம் உள்ளவருக்கு நீர் மாத்திரையை இப்படி நிறுத்தும் முன் உங்களிடம் கேட்டாக வேண்டும் என்பதையும், கூப்பிட வேண்டிய எண்ணையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.